டிரைவ் ஹெட் பக்கத்தில் நாலு முட்டை

ஒவ்வொரு ஜனவரியிலும் புது டைரி கைக்கு வந்தவுடன், பழையதை மூட்டை கட்டுவதற்கு முன்னால் ஒரு முறை உட்கார்ந்து புரட்டுவேன். அந்த வருடம் முழுக்கப் பார்த்த பறவைகளில் மனசுக்குப் பிடித்த சிலவற்றைப் பொறுக்கி ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். யாரும் கேட்காமல் செய்கிற வேலை இது. அந்த நோட்டை என் மனைவி ஒரே ஒரு தடவைதான் திறந்திருக்கிறாள். அதுவும் கேஸ் சிலிண்டருக்குப் பதிந்த தேதியைத் தேடி.

"இதுல கேஸ் தேதி எங்கயும் இல்லியே. ஒரே கொக்கா இருக்கு" என்றாள்.

"கொக்கு ஒண்ணுகூட இல்ல. எல்லாம் நாரை" என்றேன். அவள் நோட்டை மூடி வைத்துவிட்டாள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருடத்துப் பட்டியலைப் பற்றித்தான் சொல்ல வந்தேன். அதில் முதலில் இருப்பவை கூழைக்கடாக்கள். நான் வேலை பார்த்த நெய்வேலிச் சுரங்கத்தில் நிலக்கரிக்கு அடியில் இருக்கும் தண்ணீரை ராப்பகலாக இறைத்து வெளியே விடுவார்கள். அது போய்த் தேங்குகிற ஏரியில் பிப்ரவரி மாதம் பதினோரு கூழைக்கடாக்கள் வந்து இறங்கின. என் பைனாகுலர் மச்சான் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தது. இடது பக்கக் கண்ணாடியில் பூஞ்சை பிடித்துப் பல காலமாகிறது. ஆகவே இந்த உலகத்துப் பறவைகள் அனைத்தையும் நான் வலது கண்ணால் மட்டுமே அறிவேன். அந்த ஒரு கண்ணால் மூன்று தரம் எண்ணிச் சரிபார்த்தேன். கூட வந்திருந்த மனைவி, "பதினொண்ணு இருந்தா என்ன, பன்னெண்டு இருந்தா என்ன, யாரு வந்து நம்மளக் கேக்கப்போறா?" என்றாள். பறவை பார்க்கிறவர்கள் யாரிடமும் இந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

இரண்டாவது ஒரு கூகை. எதிர் குவார்ட்டர்ஸில் பாத்ரூம் பரண்மேல் அது குடியேறியது. எங்கள் டவுன்ஷிப்பில் குழாய் ஒழுகினாலும் கதவு மூடாவிட்டாலும் கம்ப்ளெயின்ட் புக்கில் எழுதினால் ஆள் வருவார். எதிர்வீட்டுக்காரர் நடுங்கிப்போய், "பரண்மேல் கோட்டான், உடனே அகற்றவும்" என்று எழுதிவிட்டார். நாலாம் நாள் ஒரு கார்பென்டர் வந்தார். ஸ்டூல் போட்டு ஏறி, கூகையை முகத்துக்கு முகம் பார்த்துவிட்டு மெதுவாக இறங்கினார். "இது நம்ம செக்‌ஷன் இல்லிங்க. உசுரு இருக்கறதெல்லாம் ஹார்ட்டிகல்ச்சர்ல சேரும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். ஹார்ட்டிகல்ச்சரில் இருந்து வந்தவர், மரத்தில் இருந்தால் பார்க்கலாம், பரணில் இருப்பதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டார். இரண்டு செக்‌ஷனுக்கும் நடுவில் அந்தக் கூகை கோடைக்காலம் முழுவதும் நிம்மதியாகத் தூங்கியது.

மூன்றாவது, ஆள்காட்டி. இதைச் சொல்வதற்கு என் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

சுரங்கத்தில் மேல்மண்ணை வெட்டுகிற ராட்சத இயந்திரம் கொட்டும் மண்ணை ஒரு நீளமான பெல்ட் சுமந்துகொண்டு போகும். பெல்ட் ஒரு கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். மோட்டார்கள் இருக்கும் முனைக்கு டிரைவ் ஹெட் என்று பெயர், மறுமுனைக்கு டெயில் எண்ட். நான் டிரைவ் ஹெட் கேபினில் உட்கார்ந்து பெல்ட்டை ஓட்டுகிறவன். ஓட்டுவது என்றால் பட்டனை அமுக்குவது, பெல்ட் நின்றால் ஏன் நின்றது என்று போனில் கத்துகிறவர்களுக்குப் பதில் சொல்வது, அவ்வளவுதான். ஒரு இடத்தில் வெட்ட வேண்டிய மண் தீர்ந்ததும் புல்டோசர்களை வைத்து அந்தப் பெல்ட்டை முழு நீளத்துக்கும் அப்படியே பக்கவாட்டில் இழுத்து நகர்த்துவார்கள். அந்த ஏப்ரலில் எங்கள் பெல்ட்டுக்கு அந்த நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. நகர்த்துவதற்கு முன் செய்ய வேண்டிய மராமத்து வேலைகளுக்காக எங்கள் கோஷ்டியை ஒரு மாதத்துக்கு மேல் முதல் ஷிஃப்டிலேயே போட்டிருந்தார்கள். காலை ஆறு முதல் மதியம் இரண்டு.

கோஷ்டி என்றால் நான், ஒரு ஃபிட்டர், ஒரு எலக்ட்ரீஷியன். ஃபிட்டர் குள்ளஞ்சாவடிப் பக்கத்துக் கிறிஸ்தவன். தடித்த ஆள், தங்கமான கை, வேலையை நாளைக்குத் தள்ளுவதில் மட்டும் அவனை மிஞ்ச ஆள் கிடையாது. அவனைப் பொறுத்தவரை பறவைகள் மூன்று வகை: காக்கா, கோழி, குருவி. காக்காயும் கோழியும் அல்லாத அனைத்தும் குருவி, அது மயிலாகவே இருந்தாலும். எலக்ட்ரீஷியன் திருநெல்வேலிக்காரர், எங்களைவிட மூத்தவர். எங்களோடு பக்கத்து ஊரான வடக்குத்திலிருந்து கான்ட்ராக்ட்டில் வருகிற ஒரு பெண்ணும் இருந்தாள். பெல்ட்டுக்கு அடியில் சிந்திக் குவிகிற மண்ணை வாரி அள்ளுவது அவள் வேலை. நாங்கள் மூன்று பேர் சேர்ந்து செய்கிற வேலையைவிட அவள் ஒருத்தி செய்தது அதிகம்.

முட்டைகளைக் கண்டுபிடித்தவளும் அவள்தான். ஒரு நாள் காலை கேபின் வாசலில் வந்து நின்றாள்.

"அண்ணே, செத்த வாங்க. அந்தப் பக்கம் மண்ணு வாரிகினு இருந்தேன். காலண்ட முட்ட கெடக்குது. பாத்து நடந்து வாங்க, மெரிச்சிடப்போறீங்க."

டிரைவ் ஹெட்டுக்கு இருபது அடி தள்ளி, திறந்த செம்மண் தரையில் ஒரு சாண் அகலப் பள்ளம். அதைச் சுற்றிப் பொடிக்கற்களும், பெல்ட்டிலிருந்து பிய்ந்த ரப்பர் துணுக்குகள் இரண்டும். நடுவில் மண் நிறத்தில் கறுப்புத் திட்டுகளோடு மூன்று முட்டைகள். மறுநாள் நாலாயின. நான் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு அவற்றைப் பார்த்தபடி நின்றேன்.

ஆள்காட்டியை நான் நூற்றுக்கணக்கான தடவை பார்த்திருக்கிறேன். நெய்வேலியில் காலி மைதானம் எங்கே இருந்தாலும் இரண்டு நிற்கும். மஞ்சள் கால், கண்ணுக்கு முன்னால் ஒரு சிவப்புத் தோல், யாராவது நடந்து வந்தால் ஊரைக் கூட்டுகிற தொண்டை. ஆனால் அதன் குஞ்சு முட்டையை விட்டு வெளியே வருவதை மட்டும் பார்த்ததில்லை. வெளியே வந்து ஈரம் காய்ந்த கொஞ்ச நேரத்திலேயே எழுந்து, அம்மாவின் பின்னால் நடந்து போய்விடும் என்று படித்திருந்தேன். பிறந்த அன்றைக்கே வீட்டைக் காலி செய்கிற அந்தப் பிள்ளைகளை ஒரு முறை பார்த்துவிட வேண்டும் என்று எனக்குப் பத்து வருடமாக ஆசை. இதை ஆசை என்று சொல்வதுகூடக் குறைச்சல். சில பேருக்குக் காசி மாதிரி எனக்கு இது.

முட்டை பொரிய இருபத்தாறு நாள் முதல் இருபத்தெட்டு நாள். காலண்டரில் கூட்டி வட்டம் போட்டேன்.

முதல் வாரம் கோஷ்டியில் யாரும் இதைச் சட்டை செய்யவில்லை. "இந்த வெயில்ல முட்டைய அவிக்கத் தனியா அடுப்பே வேண்டாம் வே" என்றார் எலக்ட்ரீஷியன். அந்தப் பறவைகள் எங்களை ஒரு வாரம் திட்டித் தீர்த்துவிட்டு, பிறகு எங்களை மோட்டார், கம்பம் போன்ற வஸ்துக்களில் சேர்த்துவிட்டன. நாங்கள் பத்தடியில் நடந்தாலும் அம்மா எழுந்திருக்காது. அப்பா மட்டும் ஒரு மண்மேட்டில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும்.

அப்புறம்தான் அந்தச் சம்பவம். பதினொரு மணிக்குச் சாப்பாட்டுக் கேரியரைக் கழுவி வைத்துவிட்டு, டிரைவ் ஹெட் நிழலில் கொஞ்சம் கண் அசருவது எங்கள் வழக்கம். கொஞ்சம் என்றால் முக்கால் மணி நேரம். பெல்ட்டின் இரைச்சலில் ஜீப் வருகிற சத்தம் கேட்காது என்பதால், ஷிஃப்ட் இன்ஜினியரிடம் மாட்டிக்கொண்டவர்கள் பலர். அவர் கறாரான மனிதர். எந்த நேரத்தில் எந்தப் பக்கத்திலிருந்து வருவார் என்று சொல்ல முடியாது. அன்றைக்கு நாங்கள் மூன்று பேரும் நல்ல தூக்கத்தில் இருந்தபோது, "டிட்டிட்டுயீ, டிட்டிட்டுயீ" என்று காதைக் கிழித்துக்கொண்டு ஓர் அலறல். பதறி எழுந்து பார்த்தால், தூரத்தில் சரிவில் வெள்ளை ஹெல்மெட்டோடு ஜீப் இறங்கிக்கொண்டிருந்தது. அது வந்து சேர்வதற்குள் ஃபிட்டர் ஸ்பேனரோடு ஒரு போல்ட்டின்மேல் குனிந்திருந்தான். எலக்ட்ரீஷியன் பேனலைத் திறந்து ஆழ்ந்த யோசனையில் இருந்தார். நான் போனைக் காதில் வைத்து யாரும் இல்லாத முனையோடு பேசிக்கொண்டிருந்தேன்.

ஜீப் போன பிறகு ஃபிட்டர் அந்தப் பறவையை நெடுநேரம் பார்த்தான்.

"யோவ், நம்மளப் பாத்துக் கத்தல. அவரு வந்தா மட்டும் கத்துது. எப்பிடிய்யா?"

"நம்மகிட்ட பழகிடுச்சு. புது ஆள் வந்தா கத்தும். முட்டை இருக்கறவரைக்கும் ரெண்டுல ஒண்ணு எப்பவும் முழிச்சுகிட்டு இருக்கும்."

"மாதா அனுப்பி வெச்ச வாட்ச்மேன்யா இது" என்று அவன் நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டான்.

மண் வாரிக்கொண்டிருந்த வடக்குத்துப் பெண் நிமிர்ந்தாள். "பர்மனென்ட் ஆளுங்க தூங்கறதுக்கு ஒரு காவக்காரக் குருவி. நாங்க கண்ண மூடுனா சீட்டக் கிழிச்சி வூட்டுக்கு அனுப்பிடுவாங்க. எங்களுக்கு எந்தக் குருவியும் கத்தாது." மண்வெட்டியை எடுத்துக்கொண்டு அவள் பாட்டுக்கு நடந்தாள். ஆனால் பள்ளத்தைச் சுற்றி எட்டடிக்கு யாரும் கால் வைக்காதபடி வட்டமாகக் கல் அடுக்கியதும் அவள்தான்.

அடுத்த இரண்டு வாரம் எங்களுக்குப் பொற்காலம். இன்ஜினியர் பதினொன்றே காலுக்கு வந்தார், பதினொன்றரைக்கு வந்தார், ஒரு நாள் வெறும் பதினொன்று ஐந்துக்கே வந்தார். எப்போது வந்தாலும் நாங்கள் வியர்க்க வியர்க்க வேலை பார்த்துக்கொண்டிருந்தோம். பாதுகாப்புக் கூட்டத்தில் எழுந்து, சுரங்கத்திலேயே மிகவும் விழிப்பான கோஷ்டி எங்களுடையதுதான் என்று பேசினார். மற்றவர்கள் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். ஃபிட்டர் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டான்.

கத்திரி வெயில் ஏறியபோது அம்மா ஆள்காட்டி ஒரு காரியம் செய்தது. பக்கத்தில் புழுதி அடக்கத் தண்ணீர் தெளிக்கிற பைப்பில் ஒரு வால்வு ஒழுகிக்கொண்டிருந்தது. அங்கே போய் வயிற்று இறகை நனைத்துக்கொண்டு ஓடிவந்து முட்டைகள்மேல் உட்காரும். முட்டை வெந்துவிடாமல் குளிர வைக்கிற ஏற்பாடு. அந்த வால்வைச் சரிசெய்யச் சொல்லி ஃபிட்டருக்கு எழுத்தில் வந்து மூன்று வாரமாகியிருந்தது. நான் விஷயத்தைச் சொன்னதும் அவன் அந்தக் காகிதத்தை மடித்துப் பையில் வைத்தான். "பாத்தியா, எல்லாத்துக்கும் ஒரு காரணம் இருக்குது. நான் அன்னிக்கே ரிப்பேரு பண்ணியிருந்தா என்னா ஆயிருக்கும்?" என்று என்னையே குற்றவாளி மாதிரி பார்த்தான்.

இருபதாம் நாள் எங்களுக்குள் சண்டை வந்தது. குஞ்சு பொரித்த பிறகு என்ன ஆகும் என்று ஃபிட்டர் கேட்டான். அன்றைக்கே எல்லாம் கிளம்பி நடந்து போய்விடும் என்றேன்.

"குஞ்சுதான போவும். பெரிசு ரெண்டும் இங்கயே இருக்கும்ல?"

"எல்லாம் போயிடும்."

அவன் முகம் விழுந்துவிட்டது. "பொரிக்காம இன்னும் ஒரு பத்து நாளு தள்ளிப்போடறதுக்கு எதனா வழி இருக்குதா?"

நான் கத்தினேன். பத்து வருடமாகப் பறவை பார்ப்பதில் இவ்வளவு கேவலமான கேள்வியைக் கேட்டதில்லை என்றேன். அது உன் தூக்கத்துக்காக முட்டையிடவில்லை என்றேன். "நீ மட்டும் அங்க நிழல்ல முழிச்சிகினா படுத்திருந்த?" என்று அவன் கேட்டான். கேள்வி நியாயமாக இருந்ததால் எனக்குக் கோபம் இன்னும் ஏறியது. இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவனே வந்து பேசினான், ஆனால் சமாதானத்துக்கு வரவில்லை.

"யோவ், நோட்டீஸ் போட்டுட்டாங்க. நாளான்னைக்குக் காலைல பெல்ட்ட நவுத்தறாங்களாம். டிரைவ் ஹெட்டுலேருந்து ஆரம்பம்."

கணக்குப் போடக் காலண்டர் தேவைப்படவில்லை. நாளை மறுநாள் என்பது இருபத்துநாலாம் நாள். டோசர் சங்கிலிகள் முதலில் ஏறுவது அந்தப் பள்ளத்தின்மேல்தான். முட்டைகளை எடுத்து வேறு இடத்தில் வைத்தால் அம்மா வராது. ஃபிட்டர் என் பக்கத்தில் நின்றுகொண்டு, "ஒண்ணு பண்ணலாம், டோசருல எதனா ஒரு சாமான கழட்டிடட்டுமா?" என்று தாழ்ந்த குரலில் கேட்டான். இரண்டு நாளைக்கு முன்னால் முட்டை பொரிக்கக் கூடாது என்று சொன்னவன் அவன். வேண்டவே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனாலும் அந்த ஒரு வார்த்தைக்காக அவனை அன்றைக்கே மன்னித்துவிட்டேன்.

மறுநாள் பதினொரு மணிக்கு, யாரிடமும் சொல்லாமல் நான் இன்ஜினியர் ஆபீஸுக்கு நடந்தேன்.

"சார், பெல்ட் ஷிஃப்டிங்க நாலு நாள் தள்ளி வைக்கணும்."

"எதுக்கு? மோட்டார்ல ஏதாவது பிராப்ளமா?"

"இல்ல சார். டிரைவ் ஹெட் பக்கத்துல நாலு முட்டை இருக்கு."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். பதினைந்து வருட சர்வீஸில் பெல்ட்டை நகர்த்தாமல் இருப்பதற்கு அவரிடம் சொல்லப்பட்ட காரணங்களில் இது இல்லை போலிருக்கிறது. நான் விளக்கினேன். எத்தனை நாளாக அடைகாக்கிறது, எத்தனை நாள் பாக்கி, எப்படி வயிற்றை நனைத்துக்கொண்டு வருகிறது, எல்லாவற்றையும் சொன்னேன். கடைசியில் அவர் எழுந்து ஹெல்மெட்டை எடுத்தார். "வாங்க, பார்ப்போம்."

ஜீப்பில் போனால் பறவை பயந்துவிடும், நடந்தே போகலாம் சார் என்று சொன்னவன் நான்தான். என் வாழ்க்கையில் நான் செய்த பெரிய முட்டாள்தனங்களைப் பட்டியல் போட்டால் இது மேலே வரும். அப்போது மணி பதினொன்றரை ஆகியிருந்தது.

நடந்து இறங்குகிற சரிவு ஜீப் வருகிற சரிவுக்கு எதிர்ப்பக்கம், அங்கிருந்து டிரைவ் ஹெட் முழுசாகத் தெரியும். நிழலில் இரண்டு பேர் கால் நீட்டிப் படுத்திருந்தார்கள். ஃபிட்டர் முகத்தின்மேல் ஹெல்மெட். இன்ஜினியர் இன்னும் நாலடி எடுத்து வைத்தார். மண்மேட்டிலிருந்து அப்பா ஆள்காட்டி எழும்பி, எங்கள் தலைக்குமேல் வந்து, "டிட்டிட்டுயீ, டிட்டிட்டுயீ" என்று தன் கடமையைச் செய்தது.

இரண்டு பேரும் சேர்ந்து எழுந்தார்கள். எலக்ட்ரீஷியன் பேனலைத் திறந்தார். ஃபிட்டர் ஸ்பேனரைத் தேடிக் கிடைக்காமல், கையில் அகப்பட்ட கேரியர் மூடியால் ஒரு போல்ட்டைத் திருக ஆரம்பித்தான். ஜீப்பை எதிர்பார்த்து அவர்கள் பார்த்ததெல்லாம் எதிர்த் திசையை. நாங்கள் நின்ற பக்கம் அவர்கள் முதுகு இருந்தது.

இன்ஜினியர் பறவையைப் பார்த்தார். அவர்களைப் பார்த்தார். மறுபடி பறவையைப் பார்த்தார். பாதுகாப்புக் கூட்டத்தில் தான் பேசிய பேச்சு முழுவதும் அவருக்கு நினைவு வந்துகொண்டிருப்பது முகத்தில் தெரிந்தது.

அவர் கீழே இறங்கி நடந்தார். நான் பள்ளத்தைக் காட்டினேன். "எங்க?" என்றார். ஒரு முழம் தூரத்தில் விரலை நீட்டினேன். "எங்கங்க?" என்றார் மறுபடியும். குனிந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்த பிறகுதான் தெரிந்தது. தெரிந்ததும் காலை மெதுவாகப் பின்னுக்கு எடுத்தார். குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாக எண்ணினார். கேரியர் மூடியோடு ஃபிட்டர் தூரத்தில் சிலையாக நின்றான்.

"நாலு நாள் முடியாது" என்றார் எழுந்து. "டெயில் எண்டிலேருந்து ஆரம்பிக்கச் சொல்றேன். டோசர் இந்த முனைக்கு வர மூணாவது நாள் சாயந்தரம் ஆயிடும். அதுக்கு மேல என் கையில இல்லை."

நாளைக்கு இருபத்துநாலு. மூன்றாவது நாள் இருபத்தாறு. எனக்குக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது. அதற்குள் அவர் கேட்டார்.

"இந்தப் பறவைய இப்படிப் பழக்கினது யாரு?"

நான் திகைத்தேன். ஆள்காட்டியை யாரும் பழக்க முடியாது, அது யாரைப் பார்த்தாலும் கத்தும், இது இயற்கை என்று பதினைந்து நிமிடம் பேச என்னிடம் விஷயம் இருந்தது. ஆனால் அவருடைய பேனா சட்டைப் பையிலிருந்து வெளியே வந்திருந்தது. யார் பெயரையாவது எழுதாமல் அது உள்ளே போகாது. அந்தப் பக்கம் இரண்டு பேர் நின்றிருந்தார்கள், இரண்டு பேருக்கும் பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தார்கள்.

"நான்தான் சார்" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட மரியாதை அதிகமாக இருந்ததோ என்று எனக்கு இன்றும் சந்தேகம். "நாளையிலேருந்து நீங்க செகண்ட் ஷிஃப்ட்" என்று சொல்லிவிட்டுச் சரிவு ஏறிப் போனார். மெமோ இல்லை, ஒன்றும் இல்லை. போகும்போது ஃபிட்டரிடம் ஒரே ஒரு வார்த்தை சொன்னார்: "அது ஸ்பேனர் இல்லை."

செகண்ட் ஷிஃப்ட் என்றால் மதியம் இரண்டு முதல் இரவு பத்து. அதற்கு முன்னால் சுரங்கத்துக்குள் போக முடியாது. ஷிஃப்ட் பஸ் ஒன்றே முக்காலுக்குத்தான் உள்ளே வரும், கேட்டில் கார்டைப் பார்த்துத்தான் விடுவார்கள். காலை முழுவதும் நான் வீட்டில் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். "பிரசவத்துக்கு நீங்க இப்படி உக்காந்ததில்ல" என்றாள் மனைவி. பெரியவன் பிறந்தபோது நான் ஷிஃப்டில் இருந்தேன். அதை அவள் எந்தக் காலத்திலும் மறப்பதாக இல்லை.

முதல் நாள் ஒன்றும் இல்லை. இரண்டாம் நாள் சாயந்தரம், வெளிச்சம் குறைகிற நேரத்தில், அம்மா தண்ணீருக்குப் போனபோது ஓடிப் போய்க் குனிந்து பார்த்தேன். ஒரு முட்டையின் அகன்ற முனையில் நட்சத்திரம் போல விரிசல். காதை வைத்துக் கேட்டேன். உள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது, கொசுவைவிடக் கொஞ்சம் பெரிய சத்தம். இருட்டும்வரை கேபின் ஜன்னலில் பைனாகுலரோடு நின்றேன். அம்மா அசையவில்லை.

மூன்றாம் நாள் காலை எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. பஸ்ஸில் டிரைவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, வேகமாகப் போங்க என்று இரண்டு தரம் சொன்னேன். அவர் எப்போதும் போலத்தான் போனார். இறங்கியதும் ஓடினேன். டிரைவ் ஹெட்டுக்குச் சற்றுத் தள்ளி டோசர்கள் வந்துவிட்டிருந்தன, ஆனால் ஷிஃப்ட் மாறுகிற நேரம் என்பதால் இன்ஜின் அணைந்து நின்றிருந்தன. மண்மேட்டில் ஆள்காட்டி இல்லை. கத்தலும் இல்லை. கல் வட்டத்துக்குள் எட்டிப் பார்த்தேன். வெறும் பள்ளம். ஓட்டுத் துண்டுகூட இல்லை. அதையும் அம்மாவே தூக்கிக்கொண்டு போய்ப் போட்டுவிடும் என்று எனக்குத் தெரியும். எல்லாம் படித்துத் தெரிந்து வைத்திருந்தேன்.

அழுகை வந்தது. வயதுக்கு ஒவ்வாத அழுகை. முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன்.

"யோவ்."

ஃபிட்டர். அவன் ஷிஃப்ட் முடிந்திருந்தது. மற்றவர்கள் எல்லாரும் பஸ்ஸைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார்கள், அவன் கேரியர் பையோடு டிரைவ் ஹெட் நிழலில் நின்றிருந்தான்.

"நாலும் போயிட்ச்சி" என்றான். "நாலும் நல்லாப் போயிட்ச்சி. ஒண்ணுகூட வீணாப் போவல. இரு, மொதல்லேருந்து சொல்றேன், குறுக்கப் பேசாத. மறந்துடும்."

சொன்னான். காலை ஏழேகாலுக்கு முதல் ஓடு உடைந்ததிலிருந்து சொன்னான். வெளியே வந்தபோது நனைந்த துணி மாதிரி சுருண்டு கிடந்ததாம், செத்துப் பிறந்துவிட்டது என்று நினைத்து அவனுக்குக் கை கால் ஓடவில்லையாம். வெயில் பட்டதும் உப்பிக்கொண்டு எழுந்ததாம். இரண்டாவது எட்டரைக்கு. மூன்றாவதும் நாலாவதும் பத்துக்குள். டோசர்காரர்கள் பதினொரு மணிக்கே இந்த முனைக்கு வந்துவிட்டார்கள், அவன் நடுவில் போய்க் கையை விரித்து நின்றிருக்கிறான். இன்ஜினியர் வந்தார், அவன் பக்கத்திலேயே வந்து நின்றார், சாப்பாட்டு நேரம் முடிகிறவரை டோசரை எடுக்க வேண்டாம் என்றார். பன்னிரண்டரைக்கு அம்மா எழுந்து சரிவுப் பக்கம் நடந்து கூப்பிட்டதாம். ஒன்று, இரண்டு, மூன்று போய்விட்டன. நாலாவது டோசர் தடத்துக்குள் விழுந்துவிட்டது. ஏறுகிறது, சறுக்குகிறது, ஏறுகிறது, சறுக்குகிறது. கையால் தொட்டால் அம்மா சேர்க்காதோ என்று அவனுக்குப் பயம். பூட்ஸ் குதிகாலால் தடத்தின் ஓரத்தை இடித்துச் சரித்துவிட்டிருக்கிறான். அது மேலே ஏறி, நின்று, அவனைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஓடியதாம்.

"எப்பிடி ஓடிச்சின்னா, இப்பிடி" என்று அந்த ஆறடி உடம்பை மடக்கி, கைகளை விலாவில் ஒட்டிக்கொண்டு, பூட்ஸ் காலோடு செம்மண்ணில் பத்தடி ஓடிக் காட்டினான். ஓடிவிட்டு, மூச்சு வாங்க நின்று, என் முகத்தைப் பார்த்தான். "உனக்குச் சொல்லணுமேன்னு ஒவ்வொண்ணா மனசுல போட்டுகினே நின்னேன். காலைலேருந்து ஒண்ணுக்குக்கூடப் போவல."

மேலே ரோட்டில் ஷிஃப்ட் பஸ் ஹார்ன் அடித்தது. அதை விட்டால் குள்ளஞ்சாவடியில் அவன் வீடு போய்ச் சேர நாலு மணி ஆகிவிடும்.

"பஸ் போவுதுடா" என்றேன்.

"போவட்டும். எதனா விட்டுட்டனா பாரு" என்றான்.

"மூணாவது பொரிச்சது எத்தன மணிக்குன்னு நீ சொல்லல. மறுபடி மொதல்லேருந்து சொல்லு" என்றேன். அவன் கேரியர் பையைக் கீழே வைத்துவிட்டு ஏழேகாலிலிருந்து ஆரம்பித்தான்.